அது டூப்ளிகேட் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் பேசுகிறவர் நம் சிற்பக் கூடத்தில் வாங்கிய வெண்கலச் சிற்பத்தைப் போலவே இன்னொன்றை வேறொருவர் வீட்டில் பார்த்தாராம். ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டோமாம். கூடத்தில் வெளிச்சம் போதவில்லை, பீடம் ஆடுகிறது, நான் அதிகம் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாம் உண்மைதான். டூப்ளிகேட் என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

சிற்பத்தின் அடியில் தடவிப் பாருங்கள். சிற்பியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் 3/8 என்பதுபோல் பொறித்திருக்கும். எட்டில் மூன்றாவது வார்ப்பு என்று பொருள். பிரான்ஸில் அசல் வெண்கலம் என்றால் 12 வார்ப்புகள் வரை ஒப்புக்கொள்கிறார்கள்: எண்ணிட்டவை 8, சிற்பிக்கென்று ரோமன் எண்ணில் 4. நாமும் அந்தக் கணக்குதான். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் ‘நரக வாயில்’ என்ற சிற்பக் கதவு அவர் 1917இல் இறக்கும்வரை வெண்கலத்தில் வார்க்கப்படவே இல்லை. இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் வெண்கல வாயில்கள் எல்லாம் அப்புறம் வார்த்தவை. அவற்றை யார் டூப்ளிகேட் என்கிறார்கள்?

அச்சு ஒன்றுதான், சரி. ஆனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் மெழுகு உருவம் புதிதாக எடுக்க வேண்டும். அதைச் சுற்றிக் கெட்டியான ஓடு பூசிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் 1,000 டிகிரிக்கு மேல் காய்ந்த உலோகம் இறங்கும். பிறகு அந்த மேலோட்டை உடைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, அரத்தால் ராவி, தீ காட்டி ரசாயனம் பூசினால்தான் நிறம் வரும். இரும்பு நைட்ரேட் பழுப்பு தரும், செப்பு நைட்ரேட் பச்சை தரும். இரண்டு சிற்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: பதிவில் பேசிய நண்பருடையதில் வலது தோளிலிருந்து பச்சை கொஞ்சம் வழிந்திருக்கிறது, மற்றதில் அது கிடையாது.

விற்கும்போதே அந்த எண்ணைக் காட்டிச் சொல்லாதது என் தவறு. பில்லில் ‘வெண்கலச் சிற்பம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இனி வார்ப்பு எண், மொத்த எண்ணிக்கை, ஆண்டு, வார்த்த பட்டறை எல்லாம் சான்றிதழில் இருக்கும். முன்பு வாங்கியவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு பரவிய பிறகும் வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அடுத்த கண்காட்சி எப்போது?” என்று மட்டும் கேட்டுப் போனவர்களுக்கு என்ன சொல்வது? நன்றி என்பது சின்னச் சொல்லாக இருக்கிறது.

வெண்கலத்தில் பெரும்பங்கான செம்பின் விலை ஏறிவிட்டதால், வீட்டில் கொண்டுவந்து நிறுத்தித் தரும் கூலி அடுத்த மாதம் முதல் தனி.

அன்புடன்,
உங்கள் சிற்பக் கூடத்தார்

பி.கு.: வெண்கலத்தைப் பாலிஷ் போட்டுத் துலக்க வேண்டாம். ஒருவர் பளபளவென்று ஆக்கிவிட்டு, நிறம் போய்விட்டது என்று நம்மிடமே கொண்டுவந்தார். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும்.