டயர் மாட்டுற அண்ணன்மாருக்கு ஒரு பழைய கார்க்காரனோட திறந்த மடல்

வணக்கம்ணே.

கடை நடத்துற அண்ணன்களுக்கும், மெஷின்கிட்ட லெவரும் கையுமா நிக்கிற தம்பிகளுக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். சண்டை போட வரல. நாப்பது அம்பது வருஷத்து காரை ஓட்டிட்டு வந்து கடை வாசல்ல நிக்கிற எங்கள மாதிரி ஆளுங்கள பாத்தாலே உங்களுக்கு எரிச்சல் வரும்னு தெரியும், சைஸ் ஸ்டாக்ல இருக்காது, ரிம்மு துருப்பிடிச்சு கிடக்கும், இந்த காலத்துல போயி ட்யூப் கேப்போம், போதாததுக்கு பக்கத்துலயே நின்னுக்கிட்டு அதை தொடாதீங்க இதை தொடாதீங்கன்னு உயிரை வாங்குவோம். எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திக்கோங்கன்னு கேக்குறேன். "இந்த ரிம்முக்கு ஸ்டாக்ல எது உக்காரும்"னு பாக்குறதுக்கு முன்னாடி, "இந்த காரை செஞ்சவன் எந்த டயரை மனசுல வச்சு செஞ்சான்"னு பாருங்க. ரிம்ல ஏறிடுச்சுங்கறதுக்காக அது அந்த காருக்கான டயர்னு ஆயிடாதுண்ணே.

சைஸ்ல இருந்தே வரேன், ஏன்னா பாதி கோளாறு இங்கதான். பழைய டயர்ல 185 ஆர் 15னு மட்டும் போட்டிருக்கும், அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், ஆர்னா ரேடியல், 15 இஞ்ச் ரிம்மு, சாய்கோடு இருக்காது, 65 70ன்னு நடுவுல நம்பரும் இருக்காது. உடனே "185 பதினஞ்சு தானே சார், இருக்கு"ன்னு 185/65 ஆர் 15 உருட்டிட்டு வந்துடறீங்க. அந்த காலத்து ரேடியல்ல நடு நம்பர் இல்லேன்னா சைடுவாலோட, அதாவது டயர் பக்கச்சுவரோட, உயரம் அகலத்துல கிட்டத்தட்ட 80, 82 சதவீதம்னு எடுத்துக்கணும். கணக்கு போட்டு பாருங்க, 185 ஆர் 15 மொத்த உயரம் சுமார் 684 மில்லிமீட்டர், நீங்க கொண்டு வந்தது 622 தான். ஆறு சென்டிமீட்டர் குட்டை. வண்டி மூணு சென்டிமீட்டர் கீழ இறங்கிடும், சைலன்சர் கண்ட இடத்துல இடிக்கும், ஸ்பீடோமீட்டர் பத்து சதவீதம் கூட்டி காட்டும், வேகமா போறப்ப இன்ஜின் தேவையில்லாம கத்திக்கிட்டே வரும், பாக்குறதுக்கும் பொம்மை காருக்கு சக்கரம் மாத்தி போட்ட மாதிரி இருக்கும்.

அதுக்கும் முந்தின வண்டின்னா இஞ்ச் சைஸ். 5.60-15னா முதல் நம்பர் அகலம், ரெண்டாவது ரிம்மு, ரெண்டுமே இஞ்ச்ல. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அந்த 5.60-15ல வந்த வண்டி, ரேடியல் போடணும்னா பொதுவா 165 ஆர் 15 போவாங்க. ஜாகுவார் ஈ-டைப் 6.40-15ல வந்துச்சு, அதுக்கு 185 ஆர் 15. எம்ஜிபி 5.60-14, அதுக்கு 155 ஆர் 14 இல்லேன்னா 165 ஆர் 14. மினிக்கு 5.20-10, ரேடியல்ல 145 ஆர் 10. இதெல்லாம் இன்னைக்கும் புதுசா செஞ்சு விக்கிறாங்க, நாலு நாள் கூட ஆகும், விலையும் கூட இருக்கும், அவ்வளவுதான். நாங்க காத்திருக்கோம்ணே, நீங்க அவசரப்பட்டு இருக்கறதை மாட்டி விடாதீங்க.

அப்புறம் அந்த "கொஞ்சம் அகலமா போட்டுக்கலாம் சார், கிரிப் நல்லா இருக்கும்" டயலாக். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி அது. நின்ன இடத்துல ஸ்டீரிங்க திருப்ப ரெண்டு கையும் போதாது. நாலு இஞ்ச் அகலம் இருக்கிற ரிம்ல 195 டயரை ஏத்தினா பீடு (ரிம்ல உக்காருற டயர் ஓரம்) ரெண்டும் உள்ள இழுபட்டு சைடுவால் வெளிய பிதுங்கி நிக்கும், திருப்பத்துல டயர் அதும்பாட்டுக்கு ஒரு பக்கம் நெளியும் ரிம் ஒரு பக்கம் போகும். முழுசா ஒடிச்சா உள்பக்கம் சஸ்பென்ஷன்ல உரசும், நாலு பேர் ஏறினா மேல மட்கார்டுல உரசும். கடையில காலியா, நேரா நிக்கிறப்ப ஒண்ணுமே தெரியாது.

இஞ்ச் தெரியும்னு நினைச்சு ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, தம்பிங்க தயவுசெஞ்சு இதை கவனிங்க. மிஷெலின் டிஆர்எக்ஸ்னு ஒரு ஐட்டம், 1970கள்ல வந்தது, ரிம் சைஸே மில்லிமீட்டர்ல இருக்கும், 365, 390, 415ன்னு. பழைய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ்ல, அந்த ஈ28 மாடல்ல, 220/55 விஆர் 390 வந்துச்சு. 390 மில்லிமீட்டர்னா 15.35 இஞ்ச். கண்ணால பாத்தா பதினஞ்சு இஞ்ச் ரிம்மு மாதிரியேதான் இருக்கும், ஆனா பதினஞ்சு இஞ்ச் டயரை அதுல ஏத்த பாத்தா பீடு உக்காராது, உக்கார வைக்க காத்தை ஏத்திக்கிட்டே போனீங்கன்னா பீடு கம்பி அறுந்து ஆள் கை காலே போயிடும். அதனால ரிம்ல என்ன பொறிச்சிருக்குன்னு கம்பி பிரஷ் போட்டு தேச்சாவது படிங்க. பொதுவாவே பீடு உக்காருற காத்து 40 பிஎஸ்ஐ (கடையில சொல்ற பாயிண்ட்) தாண்டக்கூடாது. அதுக்குள்ள உக்காரலேன்னா காத்தை இறக்கிட்டு சோப்பு தடவி மறுபடி பாக்கணும்.

க்ராஸ்ப்ளையா ரேடியலாங்கறது அடுத்த கதை. நைலான் டயர்னு கடையில சொல்றோமே அதேதான் க்ராஸ்ப்ளை, உள்ள நூலடுக்கு ஒண்ணுக்கொண்ணு குறுக்கா சாய்ஞ்சு ஓடும். ரேடியல்ல அது ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேரா ஓடும். மிஷெலின் ரேடியலுக்கு பேட்டன்ட் வாங்கினது 1946, விக்க ஆரம்பிச்சது 1949, ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் நிறைய கம்பெனிங்க க்ராஸ்ப்ளையை வச்சேதான் காரை டிசைன் பண்ணாங்க. ரேடியல் மாத்தினா பிரேக்கும் பிடிமானமும் நல்லாவே இருக்கும், ரோட்டு கோடு போற பக்கமெல்லாம் வண்டி இழுத்துட்டு போறதும் குறையும், நானே பெரும்பாலான வண்டிக்கு ரேடியல்தான் சொல்லுவேன். ஆனா பிடிமானம் கூடினா அந்த பாரம் ரிம்லயும் சஸ்பென்ஷன் ஆர்ம்லயும் போய்தான் விழும், ரொம்ப பழைய ரிம்முன்னா போல்ட் ஓட்டையை சுத்தி வெடிப்பு இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க. இதுல பாதி ரேடியல் பாதி நைலான்னு கலக்குறதுதான் உயிருக்கே உலை. ஒரே ஆக்ஸில்ல ரெண்டையும் கலக்கவே கூடாது. வேற வழியே இல்லேன்னா ரேடியல் ரெண்டும் பின்னாடிதான் போகணும். முன்னாடி ரேடியல் பின்னாடி நைலான் போட்டு விட்டீங்கன்னா, வளைவுல முன்பக்கம் கெட்டியா பிடிக்கும், பின்பக்கம் விட்டுடும், ஈர ரோட்டுல வண்டி சுத்தி எதிர்ப்பக்கம் பாத்துதான் நிக்கும். பஞ்சர்னு வந்தவனுக்கு டிக்கில கிடந்த ஸ்டெப்னிய எடுத்து முன்னாடி மாட்டி அனுப்புறப்ப அது ரேடியலா நைலானான்னு ஒரு தடவை பாத்துட்டு அனுப்புங்க.

இப்ப ட்யூப். இதுல எனக்கு கொஞ்சம் ஆத்தாமையே உண்டு. கம்பி ஸ்போக் வீல்ல ஸ்போக் ஓட்டை வழியா காத்து போகும், அதனால ட்யூப் கட்டாயம். ஸ்டீல் ரிம்மா இருந்தாலும், பீடு உக்காருற இடத்துல உள்பக்கமா ஒரு மேடு ஓடணும், அதுதான் திருப்பத்துல பீடு உள்ள நழுவாம பிடிக்கிறது. ரொம்ப பழைய ரிம்ல அந்த மேடு கிடையாது. விரலை விட்டு தடவினாலே தெரிஞ்சிடும். மேடு இல்லையா, ட்யூப் போடுங்க, "ட்யூப்லெஸ் டயர்தான் சார், ட்யூப் எதுக்கு"ன்னு கேக்காதீங்க. ட்யூப் போடுறப்ப டயர் உள்பக்கம் கையை விட்டு ஒரு சுத்து தடவுங்க. கம்பெனி பேப்பர் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருப்பான், பார்கோடு போட்டு. அதை உரிக்காம விட்டா வண்டி ஓட ஓட அந்த ஸ்டிக்கரோட ஓரம் ட்யூப்பை அரம் மாதிரி தேச்சிட்டே இருக்கும். இப்படி வெளிய வந்த ட்யூப் ஒண்ணை நான் பாத்திருக்கேன், செவ்வகமா, மூலை மூலையா, ஸ்டிக்கர் அளவுக்கே ரப்பர் மெலிஞ்சு போயி, ஒரு மூலையில ஊசி ஓட்டை. ஆணியும் இல்ல முள்ளும் இல்ல. ஆணி எங்கயோ குத்திருக்கும்னு சொல்லி ஒட்டு போட்டு அதே டயர்ல திரும்ப மாட்டி அனுப்பின கடையும் இருக்கு, பேர் வேணாம், போன வேகத்துல திரும்பி வந்துச்சு வண்டி.

ஸ்டிக்கரை உரிச்சிட்டு பவுடர் போடுங்க. ஸ்போக் முனை ரிம்முக்குள்ள நீட்டிட்டு இருந்தா அரம் போட்டு தேச்சிட்டு ரப்பர் பட்டையை சுத்துங்க. ரேடியலுக்கு ரேடியல் ட்யூப்தான், சைஸும் அதே சைஸ், பெரிய ட்யூப்பை மடிச்சு திணிச்சா மடிப்புலயே கிழியும். வால்வு ஓட்டையையும் பாருங்க, 11.5 மில்லிமீட்டர் ஓட்டைன்னா டிஆர் 13ங்கற வால்வு, கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர்னா டிஆர் 15. பெரிய ஓட்டைல சின்ன வால்வை விட்டா அது ஆடிக்கிட்டே இருந்து அடியோட பிஞ்சு வந்துடும், ட்யூப் ஒரே நொடியில காலி. ஓட்டையோட இடைவெளிய அடைக்கிற புஷ் வளையம் ஒண்ணு போட்டா தீந்துச்சு. கடைசியா காத்தடிச்சு, முழுசா இறக்கி, மறுபடி அடிங்க, உள்ள இருக்கிற மடிப்பு அப்பதான் நிமிரும். இதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாதுண்ணே.

ஒயிட்வால், அதாவது டயர் பக்கத்துல வெள்ளை வளையம் தெரியணும்ங்கற ஆசையில சில பேர் டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல சொருகுற வெள்ளை ரப்பர் வளையம் எடுத்துட்டு வருவாங்க. ரேடியல் சைடுவால் நெளியிற டயர், அந்த வளையம் அதை அறுத்துடும். வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க, என் பேரை சொன்னாலும் பரவால்ல.

காத்து. நாலுக்கும் முப்பத்திரண்டு பாயிண்ட் அடிச்சு விடுறது உங்க கைப்பழக்கம், தெரியும். இன்ஜின் பின்னாடி இருக்கிற வண்டிக்கு அது வேலைக்கே ஆகாது. பீட்டில்ல க்ராஸ்ப்ளைக்கு முன்னாடி 16, பின்னாடி 24. ரேடியலுக்கு 18, 27. 1960 மாடல் செவ்ரோலே கோர்வேர்ல முன்னாடி 15, பின்னாடி 26. ஓட்டுறவன் சொகுசுக்காக வச்சது இல்ல அது. பின்பக்க பாரத்துக்கு வண்டி பின்னாடி சறுக்காம இருக்கணும்னுதான் முன்னாடி வேணும்னே குறைச்சு வச்சான், சுருக்கமா சொன்னா காத்தே அங்க சஸ்பென்ஷனோட ஒரு பார்ட். நாலுக்கும் ஒண்ணா அடிச்சா செஞ்சவன் போட்ட அந்த கணக்கையே அழிச்சிடறீங்க. "பதினெட்டா? டயர் படுத்துடும் சார்"னு சிரிக்காம, நாங்க காட்டுற புக்கை பாத்து அடிங்க. முன்னாடி இன்ஜின் வண்டிக்கு வேற கணக்கு, அங்க க்ராஸ்ப்ளைக்குன்னு போட்ட நம்பர் ரேடியலுக்கு பெரும்பாலும் பத்தாது, டயர் கம்பெனி சொல்ற நம்பரையும் பாத்து கொஞ்சம் கூட்டணும்.

பேலன்சிங் பத்தி சின்னதா. ஆரம்பகால பீட்டில் ரிம்ல நடு ஓட்டை, பேலன்சிங் மெஷின்ல ரிம்மை பிடிக்கிற உங்க கோனுக்கெல்லாம் அடங்காத பெருசு, போல்ட் ஓட்டைங்க நிக்கிற வட்டமே 205 மில்லிமீட்டர், அதுக்கு போல்ட்டை பிடிக்கிற அடாப்டர் வேணும். ஸ்போக் வீல் ஹப்ல உக்காருறது ரெண்டு பக்கத்து சாய்வுலயும், நீங்களும் அந்த ரெண்டு சாய்வையும் பிடிச்சாத்தான் பேலன்ஸ் வரும். கோன் சரியில்லாம பண்ணா மெஷின்ல ஜீரோ காட்டும், ரோட்டுல ஸ்டீரிங் நடுங்கும். அடாப்டர் இல்லேன்னா இல்லன்னு சொல்லிடுங்க, வேற எடத்துல பண்ணிக்கிறோம், கோவிச்சுக்க மாட்டோம்.

எல்லாத்துக்கும் மேல வயசு. பழைய கார் வருஷத்துக்கு ரொம்ப கொஞ்சம்தான் ஓடும், பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் கட்டை) தேயவே தேயாது, பத்து பதினஞ்சு வருஷம் ஆனாலும் புதுசு மாதிரியே நிக்கும். "பட்டன் ஃபுல்லா இருக்கு சார், இன்னும் ரொம்ப நாள் வரும்"னு நீங்க சொல்லுவீங்க, எங்க ஆளுங்களும் ஆசையா தலையாட்டிட்டு போவாங்க. தப்பு. ரப்பருக்குள்ள கலந்திருக்கிற பாதுகாப்பு மெழுகு டயர் உருண்டு நெளிஞ்சாத்தான் மேல வரும், நின்னே கிடக்கிற வண்டில அது வராது, ஓசோன் பட்டு சைடுவால்ல முடி முடியா வெடிப்பு விடும், உள்ள ரப்பர் கல்லாயிடும். பெரிய டயர் கம்பெனிங்களே பத்து வருஷத்துக்கு மேல வேணாங்கறாங்க. பிரிட்டன்ல 2021 பிப்ரவரி 1ல இருந்து லாரி, பஸ் முன் சக்கரத்துல பத்து வருஷம் தாண்டின டயரை சட்டமாவே தடை பண்ணிட்டாங்க. எங்க காருக்கு அப்படி யாரும் சட்டம் போடல, அதனால நீங்கதான் சொல்லணும்.

தேதி படிக்கிறது உங்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, இருந்தாலும் புது தம்பிங்களுக்காக. டயர் சைடுவால்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற வரியோட கடைசி நாலு நம்பர், 2319னா 2019ல 23ஆவது வாரம். மூணே நம்பர்தான் இருக்குன்னா அது 2000க்கு முந்தினது, எந்த வருஷம்னு ஆராய்ச்சி வேணாம், நேரா குப்பைக்கு. ஷெட்டுல பிளாஸ்டிக் கவரோட கிடந்தது, ஒரு கிலோமீட்டர் கூட ஓடலன்னு யாராவது கொண்டு வந்தாலும் மாட்டாதீங்க. ஸ்டெப்னியையும் சேத்து பாருங்க, வண்டியிலயே வயசானது பெரும்பாலும் அதுதான்.

கேக்குறது ரெண்டே வேலைதான். தேதி நம்பர் பல டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் பொறிச்சிருக்கும். எந்த பக்கம் வேணா மாட்டலாம்ங்கற டயரா இருந்தா அந்த பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டுங்க, இல்லேன்னா பின்னாடி ஒருத்தன் வண்டி அடியில படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு தேடணும். இன்னொண்ணு, பில்லுல சைஸோட பக்கத்துலயே நாலு டயரோட தேதி நம்பரையும் எழுதி குடுங்க, ட்யூப் போட்டிருந்தா அதையும் எழுதுங்க. எங்க பக்கத்துல இருந்து, வர்றதுக்கு முன்னாடியே போன் போட்டு ரிம்ல பொறிச்ச நம்பரும் புக்குல இருக்கிற சைஸும் காத்தும் சொல்லிட்டு வரோம், வந்தப்புறம் மெஷினுக்கு ரெண்டடி தள்ளியே நிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்க கடைக்கு அடுத்த வாரம் ட்யூப்பும் கையுமா வரப்போற ஒருத்தன்