மரங்களோடு ஒரு கூரையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

மரங்களுக்கிடையே அடக்கம் செய்யும் வன இடுகாடுகளுக்குக் கட்டடம் எதற்கு என்று கேட்கும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மரங்களே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் அஸ்ப்லுண்ட், லெவெரென்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் பைன் காட்டுக்குள் வடிவமைத்த இடுகாடு 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே குன்றேறும் படிகள் மேலே போகப் போக உயரம் குறைகின்றன. துக்கத்தோடு ஏறுபவரின் கால் தளர்ச்சியை எண்ணி அமைத்த படிகள் அவை!

என் தாயை அடக்கம் செய்த நாளில் மழை. ஒதுங்கக் கூரையில்லை, எண்பது வயதுப் பெரியம்மா குழியருகே ஈர மண்ணிலேயே அமர்ந்துவிட்டார். பளிங்கு மண்டபம் வேண்டாம். மரங்களுக்குக் கீழே அடங்கும் ஒரு மரக்கூரை, உட்காரக் கைப்பிடி வைத்த நீண்ட பலகை, சக்கர நாற்காலி செல்லும் பாதை ஆகியவற்றை வேர்களை வெட்டாமலேயே அமைக்கலாம். வரைபடம் போடும் முன், உறவினரை அடக்கம் செய்த குடும்பங்களையும் வடிவமைப்பாளர்கள் கலந்து பேச வேண்டும்.