அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ள விடு, அக்கா

அக்கா,

உன் பிறந்தநாளுக்கு வருகிறேன். ஸ்பாவுக்கும் வருகிறேன். நீ கூப்பிட்டு இத்தனை நாளாகியும் நான் பதில் சொல்லவில்லை. போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். என்னைப் போலத் தலைச்சுற்றலோடு வாழ்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் வீட்டு விஷயங்கள் சிலவற்றைத் தொடப்போவதில்லை. எவை என்று உனக்குத் தெரியும்.

போன வருடம் அங்கே நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது சுடுநீர்த் தொட்டியின் ஓரத்தில் இருந்த கைப்பிடிக் கம்பிதான். அதை இறுகப் பிடித்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். "விடுடி, ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் ரிலாக்ஸா இரு." கடைசியில் சுண்டுவிரலையும் எடுத்துவிட்டாய். அதன் பிறகு மேல் எது, கீழ் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்பாகத்தான் செய்தாய். சேர்த்து வைத்த பணத்தில் என்னைக் கூட்டிப்போனாய். அதை நினைத்தால் உன்மேல் கோபப்படவே கூடாது என்று தோன்றுகிறது. ஆனாலும் கோபம் இருக்கிறது.

உடம்பு நிலையாக இருக்க, மூளை மூன்று பேரிடம் விசாரிக்கிறது: கண், உள்காது, அப்புறம் பாதமும் தசையும் மூட்டும். என் உள்காதில் இடம் மாறிய கால்சியம் துகள்களை, தலையைத் திருப்பிச் செய்கிற பயிற்சியால் மருத்துவர் சரிசெய்துவிட்டார். சுழல்வது நின்றது. படகில் நிற்பது போன்ற ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்படிப் பெரும்பாலான நாட்களில் மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிப்பதை பிபிபிடி (PPPD) என்கிறார்கள், விடாமல் தொடரும் தலைச்சுற்றல் நோய். தலைச்சுற்றலை ஆராய்கிற மருத்துவர்களின் பாராணி சங்கம் அதற்கான வரையறையை 2017-ல்தான் வெளியிட்டது. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே" என்று நீ கேட்டாயே, ஸ்கேனில் தெரிகிற நோய் இல்லை இது. காதை நம்பப் பயந்து, மூளை கண்ணையே நம்பி நிற்கிறது.

அந்தத் தொட்டியில் கண்ணுக்கு என்ன இருந்தது? மங்கிய வெளிச்சம், ஆவி, ஓயாமல் நகரும் நுரை. கால்கள் தரையில் பாவவில்லை. அசையாமல் இருந்தது கம்பி ஒன்றுதான். அதைத்தான் நீ பறித்தாய்.

நான் தலையை முக்க மறுத்ததற்குப் பிடிவாதம் என்றாய். காதுப் பரிசோதனைக்கு நீயும்தானே வந்தாய்? 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் காதுக்குள் தண்ணீர் விட்டார்கள். உடம்புச் சூட்டிலிருந்து மாறுபட்ட தண்ணீர் பட்டால் உள்காதுத் திரவம் நகரும், தலை அசையாமலே உலகம் சுற்றும். இதை ஆராய்ந்து விளக்கிய ராபர்ட் பாராணிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்தது. எனக்கு அந்தப் படுக்கையில் கிடைத்தது வாந்தி. அதற்குப் பிறகும் தண்ணீருக்குள் தலையை விடு என்றால் எப்படி?

வாசலில் உன்னைத் தள்ளியதற்கு மன்னித்துக்கொள். தள்ளவில்லை, பிடித்துக்கொள்ள எதையோ தேடினேன். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் யாருக்கும் கிறுகிறுக்கும். எனக்கு அது ஏற்கெனவே இருக்கிற ஆட்டத்தின் மேல் வந்து ஏறியது. எல்லோரும் பார்த்தார்கள், உனக்கு அவமானமாக இருந்திருக்கும். அப்புறம் நீ அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் தரையில் உட்கார்ந்து என் பாதங்களைத் துடைத்துச் செருப்பை மாட்டிவிட்டதும் நீதான். சின்ன வயதில் செய்த மாதிரியே. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் "இவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொன்னதும் நீதான்.

நான் ஏன் மறுபடி வருகிறேன் தெரியுமா? நாள் முழுக்கத் தலையை அசைக்காமல் காத்துக் காத்துக் கழுத்தும் தோளும் இறுகிப்போயிருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், மசாஜ் செய்துகொள்ளலாம் என்றார். குப்புறப் படுக்கமாட்டேன், தலைக்குத் தலையணை வேண்டும், தலையைப் பின்னால் தொங்கவிடக் கூடாது, விளக்கு எரிய வேண்டும். வாசனை எண்ணெய் வேண்டாம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். முடிந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து, என் நேரத்தில் எழுவேன். அவசரப்படுத்தாதே. நீராவி அறைக்கும் சுடுநீருக்கும் நீ போய் வா, வெதுவெதுப்பான குளத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன், கம்பிப் பக்கமாக.

எனக்காக நீ எதையும் விட வேண்டாம். நம்பினால் போதும். விழுந்து காட்டினால்தான் நம்புவாய் என்றால், நான் வரவில்லை.

சரியா இல்லையா என்று எனக்கே போன் பண்ணிச் சொல். அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.