யமுனைப் படுகைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியின் நகர வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளான் 2021, யமுனையையும் அதன் வெள்ளப் படுகையையும் 'ஓ' மண்டலம் என்று தனியே வகுத்திருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2015 ஜனவரி 13 அன்று அளித்த தீர்ப்பில், 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் பகுதியில் கட்டுமானம் கூடாது என்று தடை விதித்தது. இத்தனை காப்பு இருந்தும் படுகை சுருங்கிக்கொண்டே வருகிறது. நிலப் பயன்பாட்டு மாற்றமும் சுற்றுச்சூழல் அனுமதியும் கரையில் வாழ்பவர்களின் காதுக்கு எட்டாமலேயே முடிந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியே தேவையில்லை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதி வேண்டும் என்றாலும், கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. மேல்முறையீடு என்று பார்த்தால், அனுமதி வெளியான 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும், அதற்குப் பிறகு வழியில்லை. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தையோ இணையதளத்தில் ஏற்றிய ஆவணத்தையோ, படுகையில் காய்கறி பயிரிடும் குடியானவர் எங்கே பார்க்கப் போகிறார்? மண்வெட்டும் இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியவரும். கெடு அதற்குள் முடிந்திருக்கும்.

2023 ஜூலை 13 அன்று பழைய ரயில்வே பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-இல் பதிவான 207.49 மீட்டரையும் தாண்டியது. அந்த நாட்களில் எருமைகளோடும் கயிற்றுக் கட்டில்களோடும் மயூர் விஹார் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியவர்கள் இந்தக் குடியானவர்கள்தாம். படுகையைப் பற்றிய எந்த முடிவிலும் முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் கரையில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூனில் இடிக்கப்பட்டதையும், தகுதியுள்ளவர்கள் என்று ஏற்கப்பட்ட நம் மக்கள் தொலைவில் உள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்டதையும் தில்லித் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர்வழி அடைபடக் கூடாது என்று குடிசைகளுக்குச் சொன்ன நியாயத்தைப் பெரிய கட்டடங்களுக்கான கோப்புகளிலும் அதே கண்டிப்போடு கடைப்பிடிக்க வேண்டும்.

எனவே, 'ஓ' மண்டலத்தில் எந்தத் திட்டமானாலும், அதன் பரப்பளவு எதுவானாலும், கரையோரக் கிராமங்களிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவிக்கையைத் திருத்த வேண்டும். அனுமதி ஆணை அந்த இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கப்பட்ட நாளிலிருந்துதான் மேல்முறையீட்டுக் கெடு தொடங்க வேண்டும். தில்லி வளர்ச்சி ஆணையமும், 2023 வெள்ளம் எட்டிய இடம் வரை எல்லைக் கல் நட்டு முடிக்கும் வரையில், படுகையில் நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், தில்லி