பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

2017 நவம்பர் 4 இரவு மலேசியாவின் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையில் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டிலும் மின்சாரம் போனது. அம்மாவின் ஆக்சிஜன் கருவி நீளமாக ஒலியெழுப்பிவிட்டு நின்றது. மாற்றுக்கு ஒரே ஒரு சிறிய சிலிண்டர். கைவிளக்கு வெளிச்சத்தில் அதன் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கால் தண்ணீரில் ஜெனரேட்டரைத் தோளில் சுமந்து வந்தீர்கள் அண்ணா. யார் சொல்லி வந்தீர்கள் என்று இன்றுவரை தெரியாது. பதற்றத்தில் அதை நான் கூடத்துக்குள் இழுத்தேன். "வேண்டாம் தம்பி. இதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்நாடுகளில் பனிப்புயலின்போது வீட்டுக்குள் ஓட்டி உயிரைவிட்டவர்கள் உண்டு" என்று தடுத்தீர்கள். சன்னல்களுக்கு எட்டாத மேட்டுக் கொட்டகையில் அதை வைத்தீர்கள். ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகக் கூடாது, மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் பாயும், அங்கே பழுதுபார்ப்பவரின் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, தனி வயரைக் கருவிக்கே நேராக இழுத்தீர்கள். அந்த நேரத்திலும் முகம் தெரியாத ஒரு தொழிலாளியை நினைத்தீர்களே, அதை எப்படி மறப்பேன்!

கருவி மறுபடி மூச்சுவிட்டது. அம்மாவின் உதட்டில் நீலம் மெல்ல விலகியது.

விடிந்ததும் பெட்ரோல் பணத்தைக்கூட வாங்காமல் போய்விட்டீர்கள். அம்மா அதன்பின் மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார். மழை பெய்யும்போதெல்லாம், "அந்தப் பிள்ளை பசியோடு போய்விட்டானே" என்பார்.