1801-இல் பறித்த வாக்கு: அமெரிக்க செனட் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

செனட் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நீங்கள் கூடுகிற வாஷிங்டன் நகரத்தில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். வயோமிங், வெர்மான்ட் மாநிலங்களில் மக்கள்தொகை இதைவிடக் குறைவு, அவற்றுக்கு உங்கள் சபையில் தலா இரண்டு இடங்கள். மத்திய வரி கட்டுகிற, ராணுவத்தில் சேர்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டால், குடியரசை நிறுவியவர்கள் அப்படித்தான் வகுத்தார்கள் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அது சரியில்லை.

1783 ஜூனில், பிலடெல்பியாவில், சம்பளம் வராத சிப்பாய்கள் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கூடியிருந்த கட்டிடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு படை அனுப்ப முன்வரவில்லை, காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம் மாறியது. ஒரு மாநிலத்தின் தயவில் மத்திய அரசு இருக்கக் கூடாது என்ற அந்தப் பயம்தான், தலைநகருக்குப் பத்து மைலுக்குப் பத்து மைல் மிகாத தனி மாவட்டம் என்று 1787 அரசியலமைப்பில் ஏறியது. நியாயமான பயம். ஆனால் அங்கே குடியிருப்பவர்களின் வாக்கைப் பறிக்கச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது.

1790-இல் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் நிலத்தில் மாவட்டத்துக்கு இடம் முடிவான பிறகும் அங்கே குடியிருந்தவர்கள் பத்து வருடம் அந்த மாநிலங்களின் தேர்தல்களில் வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஜெபர்சனும் ஆடம்ஸும் மோதிய 1800 ஜனாதிபதித் தேர்தல் உட்பட. அப்புறம் 1801 பிப்ரவரி 27. அந்தத் தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் சம வாக்கு பெற்றதால் வந்த இழுபறி, பிரதிநிதிகள் சபையின் 36-வது சுற்று வாக்கெடுப்பில் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அப்போதைய ஜனாதிபதி ஆடம்ஸ் பதவியை விட்டுப் போக ஒரு வாரம்கூட இல்லை. அந்த அவசரத்தில், போகிற காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு மாவட்டத்தைத் தன் நேரடி ஆளுகைக்குள் எடுத்துக்கொண்டது. பழைய வாக்கு போனது, பதிலுக்கு எதுவும் தரவில்லை. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கூடாது என்று பிரிட்டனோடு போரிட்ட தலைமுறை அது! அகஸ்டஸ் உட்வர்ட் என்ற வழக்கறிஞர் அப்போதே எதிர்த்து எழுதினார்.

1846-இல் வர்ஜீனியா பகுதி திரும்பிப் போனது, அந்த மக்களுக்கு வாக்கும் திரும்பக் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவே 1961 வரை ஒரு அரசியலமைப்புத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரதிநிதிகள் சபை 2020-இலும் 2021-இலும் வாஷிங்டனுக்கு மாநில அந்தஸ்து தரும் மசோதாவை நிறைவேற்றியது. நாடாளுமன்றமும் வெள்ளை மாளிகையும் உள்ள மையப் பகுதி மத்திய அரசிடமே இருக்கும் என்று அதில் தெளிவாக இருக்கிறது, ஆக 1783-இன் பயத்துக்கும் அதில் பதில் உண்டு. இரண்டு முறையும் உங்கள் சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அப்படியொரு மசோதாவை வாக்கெடுப்புக்கு எடுங்கள். எதிர்ப்பவர்கள் எதிர்த்தே வாக்களிக்கட்டும், ஆனால் பெயரோடு பதிவாகட்டும்.