ஒரு முழத் தூரம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மென்பந்து கிரிக்கெட் இறுதிப் போட்டி, கடைசி ஓவரில் ஒரு ரன் அவுட் தகராறில், மேல்கணக்குப் பையன்களும் கீழ்கணக்குப் பையன்களும் (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு) ஆளுக்கொரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு நின்றதோடு முடிந்தது. கோப்பை இப்போது கோயில் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி தலைவரிடம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எழுதப் போவது கிரிக்கெட் பற்றி அல்ல, கோல்ப் பற்றி. சிரிக்காதீர்கள்.

சிறுவயதில் நான் கோல்ப் மைதானத்தில் கெடியாக இருந்தவன். கெடி என்றால் பை தூக்குகிறவன். 'கேடி' என்று எழுதினால் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும் என்பதால் கெடி என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூட விடுமுறையில் ஆரம்பித்தது, அப்புறம் பள்ளிக்கூடம் நின்றது, இது நிற்கவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி. பந்து யாராவது ஆள் பக்கம் போனால் ஆங்கிலத்தில் 'போர்!' என்று கத்த வேண்டும். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் தெரிந்ததுதானே, அந்தக் காலத்தில் நாங்கள் அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கத்தினோம்.

இது பணக்காரர் விளையாட்டு என்று வாசகர்கள் சொல்வார்கள். ஆமாம், மறுக்கவில்லை. நுவரெலியா கோல்ப் கிளப் 1889இல் துரைமார் தங்களுக்காகத் தொடங்கியது, பட்டணத்துக்கு நடுவில் 6,000 அடிக்கு மேல் உயரத்தில் 18 குழிகள். எங்கள் தாத்தாமார் அதன் வேலிக்கு வெளியே நடந்து போனவர்கள், அப்பாமார் உள்ளே போய்ப் புல் வெட்டியவர்கள், நாங்கள் பை தூக்கியவர்கள். ஆனாலும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே மரக்கறித் தோட்டம் ஓரமாக, கொய்யா மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, தொலைந்து போய் நாங்கள் கண்டெடுத்த பந்துகளை (கண்டெடுத்த எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சத்தியம் பண்ணமாட்டேன்) அடித்துப் பழகியபோது, யாருடைய விளையாட்டு இது என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. இன்றைக்கு நம் நாட்டுத் தங்கராஜா இந்தியாவில் தொழில்முறைப் போட்டிகளில் வென்றவர் என்று இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கிரிக்கெட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் விடும் பத்திரிகைகள் இதற்கு நாலு வரி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்.

இந்த விளையாட்டின் சுகம் என்ன என்று கேட்டால் எனக்குக் காலை ஆறரை மணிதான் நினைவுக்கு வருகிறது. பனி விழுந்த கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, சாம்பல் பூத்தது போல வெள்ளையாக இருக்கும், அதில் முதல் பந்தை உருட்டிவிட்டால் அது போன வழி பச்சைக் கோடாக விழும், எங்கே வளைந்தது, எங்கே தயங்கியது, எல்லாம் எழுதி வைத்தது போலத் தெரியும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்து அதில் விழும்போது ஒரு சத்தம் வரும், தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டது போல, அதைக் கேட்பதற்காகவே ஆள்கள் ஐந்து மணி நேரம் நடக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காலில் அட்டை ஏறியிருக்கும், அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கொழும்பிலிருந்து வரும் ஐயாமார் முதல் அடியிலேயே தாங்கள் திடீரென்று கெட்டிக்காரர் ஆகிவிட்டதாக நினைப்பார்கள். மலையில் காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடத்தான் பறக்கும், நாங்கள் அதைச் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோல்ப் தனியாள் ஆட்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அணியாக ஆடும்போது அது வேறு விளையாட்டு. ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சண்டை, இந்தக் குழி உனக்கு, அந்தக் குழி எனக்கு, இரண்டு பேரும் சமமாக முடித்தால் பாதி பாதி. அதிலும் இரண்டு பேர் சேர்ந்து ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதைப்போல மனிதனைச் சோதிப்பது வேறில்லை. நான் காட்டுக்குள் அடித்த பந்தை என் ஜோடிக்காரன் போய் எடுத்து அடிக்க வேண்டும், அவன் முகம் சுளித்தால் அடுத்தது என் கை நடுங்கும். மரம் அறுக்கிற இழுவை வாள் மாதிரி, ஒருவன் இழுக்கும்போது மற்றவன் விட்டுக்கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் இழுத்தால் வாள் வளைந்துவிடும்.

இப்படிக் குழிக்குக் குழி சண்டை போடும் ஆட்டத்தில்தான் 'கொடுப்பது' என்று ஒன்று உண்டு. எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், அவன் அடிக்கத் தேவையில்லை, விழுந்ததாகவே வைத்துக்கொள்கிறேன், பந்தை எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். கெடிகள் இதைக் கிம்மி என்போம். கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் கொடுத்தால் கொடுத்ததுதான், விதிப்படி கொடுத்தவன் திரும்ப வாங்க முடியாது, அதைவிட விசித்திரம், வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

1969இல் இங்கிலாந்தில் ராயல் பிர்க்டேல் மைதானத்தில் ரைடர் கோப்பை. அந்தக் கோப்பையில் அப்போது அமெரிக்கா ஒரு பக்கம், பிரிட்டன் மறுபக்கம். கடைசி நாள், ஒருவருக்கு ஒருவர் ஆடும் கடைசி ஆட்டம், கடைசிக் குழி, இரண்டு அணியும் சரிசமம். அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பந்தைப் போட்டுவிட்டார். பிரிட்டனின் டோனி ஜாக்ளினுக்கு இன்னும் 2 அடி பாக்கி, 3 அடி என்று சொல்கிறவர்களும் உண்டு. ஜாக்ளின் அந்த வருஷம்தான் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்தார், ஒரு நாடே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிக்லஸ் குனிந்து, பந்து கிடந்த இடத்தில் ஜாக்ளின் வைத்திருந்த அடையாளத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நீ தவறவிட்டிருக்க மாட்டாய், ஆனாலும் அந்த நிலைமையில் உன்னை நிறுத்த எனக்கு மனமில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். 16க்கு 16, கோப்பை வரலாற்றில் முதல் சமன். முன்பு வென்றது அமெரிக்கா என்பதால் கோப்பை அவர்களிடமே தங்கியது. இதை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழட்டும். எனக்குப் பிடித்த பகுதி வேறு: அவருடைய தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்றால், நிக்லஸ் கொடுத்தது தன் சொத்தை மட்டும் அல்ல, பன்னிரண்டு பேரின் பொதுச் சொத்தை. அடுத்தவன் சோற்றில் தர்மம் பண்ணலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியின் நிழலில் ஒளிந்துகொண்டு நாம் செய்கிற காரியங்கள் கொஞ்சமா?

2015இல் ஜெர்மனியில் பெண்களின் சொல்ஹைம் கோப்பை, அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுவது. அமெரிக்காவின் அலிசன் லீ அடித்த பந்து குழியைத் தாண்டி ஏறக்குறைய 18 அங்குலத்தில் நின்றது. நம் கணக்கில் சரியாக ஒரு முழம். எதிரணியின் சார்லி ஹல் அடுத்த குழியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார், அலிசன் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பந்தை எடுத்துவிட்டார். ஹல்லின் ஜோடி சுசான் பெட்டர்சன் திரும்பி, நாங்கள் கொடுக்கவே இல்லையே என்றார். விதி அவர் பக்கம். அந்தக் குழி ஐரோப்பாவுக்கு, அந்த ஆட்டமும் ஐரோப்பாவுக்கு. அன்றைக்கு மதியம் அமெரிக்கப் பெண்கள் கோபத்தோடு இறங்கி, 10க்கு 6 என்று பின்தங்கியிருந்த இடத்திலிருந்து பதினாலரைக்குப் பதின்மூன்றரை என்று கோப்பையைப் பறித்தார்கள். மறுநாள் பெட்டர்சன் மன்னிப்புக் கேட்டார். பெட்டர்சன் கெட்டவர் இல்லை. தனக்காக மட்டும் ஆடியிருந்தால் அந்த ஒரு முழத்தைக் கண்ணைத் திறக்காமலே கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அணிக்காக என்று வரும்போது நல்ல மனுஷனுக்கும் கை மூடிக்கொள்கிறது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் செய்திருக்கிறேன்.

1996 என்று ஞாபகம். மலையகத்தில் ஒரு மைதானம், பெயர் வேண்டாம். கெடிகளுக்கென்று ஒரு போட்டி, இரண்டு அணி, அணிக்கு ஆறு பேர், ஜோடி ஜோடியாக ஒரே பந்தை மாற்றி மாற்றி. முதல் இரண்டு ஜோடியின் ஆட்டத்தையும் அணிக்கொன்றாக வென்று முடித்துவிட்டார்கள், நாங்கள் கடைசி ஜோடி, பதினெட்டாவது குழிக்கு வரும்போது சமன். மழை விட்டுத் தூறல், மூடுபனி கொடிக் கம்பில் பாதியை விழுங்கியிருந்தது. நாங்கள் ஐந்து தடவை அடித்து முடித்துவிட்டோம். அவர்களின் நாலாவது அடி குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஒரு முழம், அதற்கு மேல் இல்லை. அடிக்க வேண்டியவன் பதினேழு வயதுப் பையன், யாரோ பெரியவருடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், நடக்கும்போது கால் உள்ளே வழுக்கும் சத்தம் கேட்கும். அவன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். என் ஜோடிக்காரன் பக்கத்தில் வந்து, "குடுக்காதே. நாம ரெண்டு பேருன்னா குடுத்திரலாம், பின்னால நாலு பேரு நிக்கிறானுங்க" என்றான். நான் மலையைப் பார்த்தேன். பையன் இன்னொரு தடவையும் பார்த்தான், அப்புறம் குனிந்தான். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது.

ஜெயித்தோம். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்க். கை கொடுத்தார்கள், ஆனால் விரல் நுனியால். திரும்பி வரும்போது ஒரே பஸ், அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால், பாட்டுப் பாடலாம் என்று ஒருவன் ஆரம்பித்து ஒரு வரியோடு நிறுத்திவிட்டான். விதியை மீறினோமா? இல்லை. ஏமாற்றினோமா? இல்லை. அந்தப் பிளாஸ்க் இன்னும் வீட்டில் இருக்கிறது, நல்ல பிளாஸ்க், சாயந்திரம் வரைக்கும் டீ சூடாகவே இருக்கும், எனக்குத்தான் அதில் குடிக்கப் பிடிப்பதில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம் என்பேன், ஏனென்றால் பார்க்கிறவர்களும் அணியில் சேர்ந்துவிட்டார்கள். 1999 ரைடர் கோப்பையில், அமெரிக்காவின் புரூக்லைனில் ஜஸ்டின் லெனர்ட் 45 அடியிலிருந்து பந்தைப் போட்டதும், பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களே கிரீனுக்குள் ஓடிக் குதித்தார்கள், எதிராளி ஒலசாபாலுக்கு இன்னும் ஆட்டம் பாக்கி இருந்தது. 2025இல் அதே கோப்பையில், நியூயோர்க்கில் பெத்பேஜ் மைதானத்தில் ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராயைக் கூட்டம் கெட்ட வார்த்தையில் திட்டியது, அவர் மனைவி மேல் குடிபானம் வந்து விழுந்தது. ஐரோப்பா 15க்கு 13 என்று வென்றது, அது வேறு கதை. எங்கள் தோட்டத்து மைதானத்திலும் ஸ்டம்பைப் பிடுங்கியதில் முதல் ஆள் ஆட்டக்காரன் இல்லை, வேலியில் உட்கார்ந்திருந்தவன். இதை உங்கள் நிருபர் எழுதவில்லை, படத்தோடு பரிசளிப்பு மட்டும்தான் வரும், இந்தத் தடவை பரிசளிப்பும் இல்லாததால் செய்தியே வரவில்லை. ஆட்டம் எப்படி முடிந்தது என்றும் ஒரு வரி போடுங்கள், ஐயா. தகராறு என்றால் தகராறு என்று, யாராவது விட்டுக்கொடுத்திருந்தால் அதையும் பெயர் போட்டு.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நாலைந்து வருஷத்துக்கு முன்பு நுவரெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு லொறிக்காரர், கரட் மூட்டை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், என்னையே பார்த்தார். "அண்ணே, பிளாஸ்க் நல்லா இருக்கா?" என்றார். அந்தப் பையன்தான், தலை நரைத்திருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொன்னேன். "நீங்க குடுத்திருந்தாலும் நான் வேணாம்னு சொல்லியிருப்பேன், அந்த வயசுல அவ்வளவு திமிரு" என்றார். அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை தம்பி, கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் இரண்டு டீக்கும் வடைக்கும் காசைக் கட்டிவிட்டு வந்தார். நான் பர்ஸை எடுத்ததும், "விதியில இடமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு பழைய கெடி,
நுவரெலியா மாவட்டம்.